மை, மைன்: எது அட்ஜெக்டிவ், எது டிடெர்மினர், எது ப்ரொனவுன்?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான். ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள். வீட்டில் இருக்கும் பழைய ஆங்கில இலக்கணப் புத்தகம் 'மை', 'யுவர்', 'ஹெர்' போன்றவற்றைப் பொசசிவ் அட்ஜெக்டிவ் (உடைமைப் பெயரடை) என்கிறது. பயிற்சி மையத்தில் கொடுத்த குறிப்பு அதையே பொசசிவ் டிடெர்மினர் (பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று அதை வரையறுக்கும் உடைமைச் சொல்) என்கிறது. வேறொரு பாடம் 'மை', 'மைன்' இரண்டையும் ஒரே கூடையில் போட்டுப் பொசசிவ் ப்ரொனவுன் என்று முடித்துவிட்டது. இதில் எது சரி? 'ஹிஸ்' இரண்டு பட்டியலிலும் இருக்கிறதே, அதை எப்படிப் பிரிப்பது? 'ஏ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்' என்பதில் ஏன் 'மீ' வரவில்லை? மூன்று கேள்வி மாதிரி தெரிகிறது, ஆனால் உள்ளே இருப்பது ஒரே கேள்வி: ஒரு சொல் என்ன வகை என்பதை அதன் பொருளை வைத்து முடிவு செய்வதா, அது வாக்கியத்தில் நிற்கும் இடத்தை வைத்து முடிவு செய்வதா? பள்ளி மாணவர்களுக்கும் பிறகு ஆசிரியர் பயிற்சிக்கு வருபவர்களுக்கும் இதைப் பல வருடங்களாக நடத்தி வருகிறேன். என் பதில், இடத்தை வைத்துத்தான். பொருளைப் பார்த்தால் 'மை', 'மைன்' இரண்டுக்கும் வித்தியாசமே கிடையாது. இரண்டும் 'எனக்குச் சொந்தம்' என்றுதான் சொல்கின்றன.

முதலில் யாருக்கும் சந்தேகம் இல்லாத பகுதியைப் பார்த்துவிடலாம். 'மை' தனியாக நிற்காது. அதன் பின்னால் ஒரு பெயர்ச்சொல் வந்தே ஆகவேண்டும்: 'மை பென்', 'மை ஓல்ட் சைக்கிள்'. 'மைன்' அதற்கு நேர் எதிர். பின்னால் பெயர்ச்சொல்லைச் சேர்த்துக்கொள்ளாது, ஏனென்றால் அந்தப் பெயர்ச்சொல்லை ஏற்கெனவே தனக்குள் எடுத்துக்கொண்டுவிட்டது. 'மை பென் இஸ் ப்ளூ, யுவர்ஸ் இஸ் ரெட்' என்ற வாக்கியத்தில் 'யுவர்ஸ்' என்பது 'யுவர் பென்' என்ற முழுத் தொடருக்குப் பதிலாக வந்திருக்கிறது. ஒரு பெயர்த் தொடருக்குப் பதிலாக வருவதைத்தானே பிரதிப்பெயர் என்கிறோம்? அதனால் அதைப் பொசசிவ் ப்ரொனவுன் என்று அழைப்பதில் யாருக்கும் சண்டை இல்லை. சோதித்துப் பார்ப்பதும் எளிது. சந்தேகம் வரும் இடத்தில் 'மை பென்' என்று முழுத் தொடரையும் வைத்துப் பாருங்கள். வாக்கியம் நின்றால் அங்கே வேண்டியது 'மைன்'. 'பென் பென்' என்று இரட்டித்து உளறினால் அங்கே வேண்டியது 'மை'.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்த வேறுபாடு புதிதே அல்ல. 'என்', 'உங்கள்' ஒரு பக்கம், 'என்னுடையது', 'உங்களுடையது' இன்னொரு பக்கம். பேச்சில் 'என்னுது', 'உன்னுது', 'அவங்களுது'. 'இது என்' என்று யாரும் வாக்கியத்தை முடிக்க மாட்டோம், 'என்னுது பேனா' என்றும் சொல்ல மாட்டோம். ஆகவே 'திஸ் பென் இஸ் மை' என்று எழுதும் மாணவர்கள் குறைவுதான். எங்கே தடுக்குகிறது என்றால் ஒருமை பன்மையில். நாம் ஒன்றாக இருந்தால் 'என்னுடையது', பலவாக இருந்தால் 'என்னுடையவை' என்று சொல்லுக்குள்ளேயே காட்டிவிடுகிறோம். ஆங்கிலத்தில் 'மைன்' எதற்கும் அசையாது. எண்ணைக் காட்டும் வேலை வினைச்சொல்லுக்குப் போய்விடுகிறது: 'யுவர் ஷூஸ் ஆர் ப்ளாக், மைன் ஆர் ப்ரவுன்'. 'மைன்' என்பதைப் பார்த்ததும் 'நான் ஒருவன்தானே' என்று நினைத்து 'இஸ்' போடுகிறார்கள். 'தெயர்ஸ்' என்றால் கடைசியில் 'ஸ்' இருப்பதால் பன்மை என்று நினைத்து 'ஆர்' போடுகிறார்கள். இரண்டும் தவறு. உடையவர் எத்தனை பேர் என்பது கணக்கே இல்லை, உடைமை எத்தனை என்பதுதான் கணக்கு. நான்கு பேருக்குச் சேர்ந்து ஒரு வீடு என்றால் 'தெயர்ஸ் இஸ் எ பிக் ஹவுஸ்' என்றுதான் வரும். (நம் பழைய இலக்கணத்திலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. 'எனது கை', ஆனால் 'என கைகள்' என்பது நன்னூல் விதி. இன்று அதை யாரும் பார்ப்பதில்லை.)

அடுத்து 'ஹிஸ்'. இது ஒரு சொல்லே இரண்டு வேலையும் பார்க்கிறது. 'ஹிஸ் கார்' என்பதில் பின்னால் பெயர்ச்சொல் இருப்பதால் டிடெர்மினர். 'தட் கார் இஸ் ஹிஸ்' என்பதில் பின்னால் ஒன்றும் இல்லை, அதனால் ப்ரொனவுன். தமிழில் 'எனது' இப்படித்தான் நடந்துகொள்கிறது: 'எனது வீடு', 'இந்த வீடு எனது'. வடிவம் மாறாததால் குழப்பம் என்று நினைக்க வேண்டாம். சந்தேகம் வந்தால் 'ஹிஸ்' இருக்கும் இடத்தில் 'மை', 'மைன்' இரண்டையும் மாற்றி வைத்துப் பாருங்கள். எது பொருந்துகிறதோ அதன் வகைதான் அங்கே 'ஹிஸ்'ஸின் வகை. இதே உத்தி 'ஹூஸ்' என்ற கேள்விச் சொல்லுக்கும் பயன்படும்: 'ஹூஸ் பேக் இஸ் திஸ்?' என்றால் டிடெர்மினர், 'ஹூஸ் இஸ் திஸ்?' என்றால் ப்ரொனவுன்.

'ஹெர்' வேறு வகைச் சிக்கல். அதற்கு 'ஹெர்ஸ்' என்ற தனி ப்ரொனவுன் இருக்கிறது, ஆனால் 'ஹெர்' என்பதே 'அவளுடைய' என்றும் வரும், 'அவளை' என்றும் வரும். 'ஐ சா ஹெர்' (அவளைப் பார்த்தேன்), 'ஐ சா ஹெர் புக்' (அவள் புத்தகத்தைப் பார்த்தேன்), 'ஐ சா ஹெர்ஸ்' (அவளுடையதைப் பார்த்தேன்). முதல் வாக்கியத்தில் இருப்பது டிடெர்மினரே அல்ல, வெறும் செயப்படுபொருள். 'ஐ ஹெர்ட் ஹெர் சிங்கிங்' மாதிரி சில வாக்கியங்களில் அது எது என்று வடிவத்தை வைத்து முடிவே செய்ய முடியாது. 'அவள் பாடுவதைக் கேட்டேன்' என்றும் கொள்ளலாம், 'அவளுடைய பாட்டைக் கேட்டேன்' என்றும் கொள்ளலாம். தேர்வில் இந்த மாதிரி வாக்கியம் கொடுத்து வகை கேட்டால் கேள்வி போட்டவரைத்தான் கேட்க வேண்டும். 'இட்ஸ்' என்பது டிடெர்மினராகத் தாராளமாக வரும்: 'தி டாக் லாஸ்ட் இட்ஸ் காலர்'. ப்ரொனவுனாகத் தனியாக நிற்பது அரிதிலும் அரிது. 'திஸ் காலர் இஸ் இட்ஸ்' என்று ஆங்கிலேயர்களும் சொல்வதில்லை, வாக்கியத்தை வேறு மாதிரி மாற்றிக்கொள்வார்கள். அதனால்தான் சில புத்தகங்களில் ப்ரொனவுன் பட்டியலில் 'இட்ஸ்' இருக்கும், சிலவற்றில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். இரண்டுமே அச்சுப்பிழை அல்ல.

சரி, இனி பெயர்ச் சண்டைக்கு வருவோம். நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகப் புரண்ட ரென் அண்ட் மார்ட்டின் புத்தகம் 'மை', 'அவர்', 'யுவர்' முதலானவற்றைப் பொசசிவ் அட்ஜெக்டிவ் என்கிறது. (இங்கே 'அவர்' என்பது ஆங்கிலச் சொல், 'நம்முடைய' என்று பொருள். நம் 'அவர்' அல்ல. தமிழ் எழுத்தில் எழுதினால் வரும் தொல்லை இது.) அந்தப் பெயர் ஏன் வந்தது என்பது புரிந்துகொள்ளக்கூடியதே. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று அதைப் பற்றி ஏதோ சொல்கிறது, 'ரெட் பென்' மாதிரி 'மை பென்', ஆகவே பெயரடை. ஆனால் உண்மையான பெயரடை செய்யும் காரியம் ஒன்றையும் 'மை' செய்யாது. 'தி பென் இஸ் ரெட்' சரி, 'தி பென் இஸ் மை' தவறு. 'வெரி ரெட்' உண்டு, 'வெரி மை' கிடையாது. 'ரெட்டர்' உண்டு, 'மை'க்கு அப்படி ஒரு படி கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, 'தி ரெட் பென்' என்று ஆர்ட்டிகிளோடு சேர்ந்து வரும், 'தி மை பென்' என்று வராது. இந்தக் கடைசிச் சான்றுதான் வலுவானது. 'மை' வரும் இடத்தில் 'ஏ', 'தி', 'திஸ்', 'தட்' எதுவும் வர முடியாது, அவை வந்தால் 'மை' வர முடியாது. எல்லாம் ஒரே நாற்காலிக்குப் போட்டி போடுகின்றன. அந்த நாற்காலியின் பெயர்தான் டிடெர்மினர். பெயர்ச்சொல் எதைக் குறிக்கிறது, எந்த ஒன்று, யாருடையது என்று வரையறுத்துக் கொடுப்பது அதன் வேலை. ஒரு தொடரில் அதில் ஒருவர்தான் உட்காரலாம்.

இது எல்லா மொழிக்கும் பொதுவான விதி அல்ல. இத்தாலியனில் 'இல் மியோ லிப்ரோ' என்பார்கள், சொல்லுக்குச் சொல் 'தி மை புக்'. அங்கே 'மியோ' ஆர்ட்டிகிளோடு ஒத்துப்போகிறது, ஒருமை பன்மைக்கும் பால் வேற்றுமைக்கும் ஏற்றபடி மாறுகிறது. அதைப் பெயரடை என்றால் தப்பில்லை. ஆங்கிலத்தைப் பற்றிப் பேசும்போதுதான் அட்ஜெக்டிவ் என்ற பெயர் தளர்ந்துபோகிறது. டிடெர்மினர் என்ற சொல்லை அமெரிக்க மொழியியலாளர் லெனார்ட் புளூம்ஃபீல்ட் 1933இல் வந்த தன் 'லாங்குவேஜ்' நூலில் பயன்படுத்தினார். அது பள்ளிப் புத்தகங்களுக்கு வந்து சேர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. உங்கள் வீட்டுப் புத்தகத்துக்கும் பயிற்சி மையக் குறிப்புக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் இந்தக் காலதூரம்தான். இன்று சிபிஎஸ்இ ஒன்பது, பத்தாம் வகுப்பு இலக்கணத்தில் டிடெர்மினர்ஸ் என்றே ஒரு பகுதி இருக்கிறது.

இரண்டையும் ப்ரொனவுன் என்று சொன்ன அந்த மூன்றாவது பாடம்? அதை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. 1985இல் ராண்டால்ஃப் குவர்க் குழுவினர் எழுதிய பெரிய இலக்கணம் 'மை', 'மைன்' இரண்டையும் பொசசிவ் ப்ரொனவுன் என்றே வைத்து, முன்னது டிடெர்மினர் வேலை பார்ப்பது, பின்னது தனித்து நிற்பது என்று உள்ளே பிரிக்கிறது. 2002இல் ஹடில்ஸ்டனும் புல்லமும் கொண்டுவந்த கேம்பிரிட்ஜ் இலக்கணம் இன்னும் ஒரு படி மேலே போய், 'ஐ', 'மீ', 'மை', 'மைன்' எல்லாம் ஒரே ப்ரொனவுனின் வெவ்வேறு வேற்றுமை வடிவங்கள் என்கிறது: 'மை' சார்ந்து நிற்கும் வடிவம், 'மைன்' தனித்து நிற்கும் வடிவம். நாம் 'நான், என்னை, எனக்கு, என்' என்று வேற்றுமை உருபு படித்து வளர்ந்தவர்கள். நமக்கு உண்மையில் இந்தப் பார்வைதான் மிக இயல்பாகப் பட வேண்டும். ஆக, 'மை' என்ன வேலை பார்க்கிறது என்பதில் மூன்று தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த வேலைக்கு என்ன பெயர் வைப்பது, சொல்லின் குடும்பத்தைச் சொல்வதா, உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சொல்வதா என்பதில்தான் வேறுபாடு. என்னைக் கேட்டால், வகுப்பில் சொல்லிக்கொடுக்க டிடெர்மினர் என்ற பெயர்தான் உதவும். மாணவர்கள் செய்யும் பிழைகளில் முக்கால்வாசி அந்த நாற்காலியைப் பற்றிய பிழைகள் என்பதுதான் காரணம்.

எப்படி என்று பாருங்கள். தமிழில் 'இந்த என் புத்தகம்' என்றோ 'என்னுடைய அந்தப் பழைய வீடு' என்றோ தாராளமாகச் சொல்லலாம். நமக்கு நாற்காலிப் போட்டி கிடையாது. அதையே அப்படியே கொண்டுபோய் 'திஸ் மை புக்', 'மை தட் ஓல்ட் ஹவுஸ்' என்று எழுதுகிறோம். ஆங்கிலத்தில் இரண்டு பேரை ஒரே இடத்தில் உட்கார வைத்த குற்றம் இது. அதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு: நாற்காலியைக் காலியாக விடுவது. 'கையைக் கழுவிட்டு வந்தேன்' என்றால் யார் கை என்று தமிழில் யாரும் கேட்க மாட்டார்கள். 'அப்பாகிட்ட சொன்னேன்' என்றால் யார் அப்பா என்று கேட்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் 'ஐ வாஷ்ட் ஹேண்ட்ஸ்' என்பது மொட்டையாக ஒலிக்கும், 'ஐ வாஷ்ட் மை ஹேண்ட்ஸ்' என்று உடையவரைச் சொல்லியே ஆக வேண்டும். தன் உடம்பு, தன் உறவு, தன் சட்டை, தன் சாப்பாடு எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு 'மை', 'ஹிஸ்', 'ஹெர்' போடுவது ஆங்கிலப் பழக்கம். நமக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகத் தெரியும். 'ஹி புட் ஹிஸ் ஹேண்ட் இன் ஹிஸ் பாக்கெட்' என்பதை 'அவன் தன் கையைத் தன் பாக்கெட்டுக்குள் விட்டான்' என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். 'பாக்கெட்டுக்குள் கையை விட்டான்' போதும்.

இன்னொன்று 'எங்க அம்மா'. ஒரே பிள்ளையாகப் பிறந்தவர்களும் நம்மில் 'எங்க அம்மா', 'எங்க வீடு', 'எங்க ஊர்' என்றுதான் சொல்வோம். 'என் அம்மா' என்பது பேச்சில் கொஞ்சம் சினிமாத்தனமாகக் கூட இருக்கும். அதை 'அவர் மதர்' என்று ஆங்கிலத்தில் சொன்னால், கேட்பவர் கூடப்பிறந்தவர்கள் யாரோ பக்கத்தில் இருப்பதாக நினைப்பார். 'மை மதர்' என்று சொல்வதில் அங்கே தன்னலம் எதுவும் இல்லை. ஆனால் 'நம்ம வீடு', 'எங்க வீடு' என்று கேட்பவரைச் சேர்த்தும் விலக்கியும் நாம் சொல்லும் நுட்பம் ஆங்கிலத்தின் 'அவர்', 'அவர்ஸ்' இரண்டுக்கும் கிடையாது. ஆங்கிலத்தில் சூழலைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்விக்குப் போகலாம், எனக்கு மிகப் பிடித்த இடம். 'மை ஃப்ரெண்ட்' என்றால் கேட்பவருக்குத் தெரிந்த, அல்லது இப்போது பேசிக்கொண்டிருக்கும் அந்தக் குறிப்பிட்ட நண்பர். 'மை' அந்த நாற்காலியில் உட்கார்ந்ததுமே தொடருக்கு 'தி' போட்டது போன்ற குறிப்பு வந்துவிடுகிறது. பெயர் முக்கியமில்லாத, பலரில் ஒருவரான நண்பரைச் சொல்ல வேண்டுமானால் 'ஏ' வேண்டும். ஆனால் 'ஏ மை ஃப்ரெண்ட்' என்று இரண்டையும் வைக்க இடமில்லை. ஆங்கிலம் கண்டுபிடித்த வழி, 'ஏ'யை உட்கார வைத்துவிட்டு உடையவரை 'ஆஃப்' போட்டுப் பின்னால் அனுப்புவது. பின்னால் போனால் அவருக்குப் பிறகு பெயர்ச்சொல் கிடையாது. பெயர்ச்சொல் இல்லாத இடத்தில் நிற்க 'மை'யால் முடியாது, 'மைன்'தான் நிற்கும். ஆகவே 'ஏ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்'. தமிழில் இதே காரியத்தைப் பின்னால் 'ஒருவர்' சேர்த்துச் செய்கிறோம்: 'என் நண்பர்' வேறு, 'என் நண்பர் ஒருவர்' வேறு. 'திஸ் ஹவுஸ் ஆஃப் அவர்ஸ்', 'தட் டாக் ஆஃப் ஹெர்ஸ்' எல்லாம் இதே வழியில் வந்தவை. 'திஸ் மை புக்' என்று எழுத நினைத்தவர் எழுத வேண்டியது 'திஸ் புக் ஆஃப் மைன்'.

'மீ' ஏன் வரவில்லை என்றால், சில இடங்களில் வரும், ஆனால் பொருள் மாறிவிடும். 'ஏ போட்டோ ஆஃப் மீ' என்றால் அந்தப் படத்தில் இருப்பது நான். 'ஏ போட்டோ ஆஃப் மைன்' என்றால் படம் எனக்குச் சொந்தம், அல்லது நான் எடுத்தது. அதில் இருப்பது ஒரு தென்னைமரமாகவும் இருக்கலாம். 'ஏ க்ரிட்டிசிசம் ஆஃப் ஹிம்' அவரைக் குறைசொன்ன பேச்சு, 'ஏ க்ரிட்டிசிசம் ஆஃப் ஹிஸ்' அவர் சொன்ன குறை. ஒரு எழுத்தில் குற்றவாளியும் குற்றம் சாட்டுபவரும் இடம் மாறிவிடுகிறார்கள். இதுவரை சொன்னது உறுதியானது. இந்த அமைப்பு எப்படி வந்தது என்பதில்தான் கருத்து வேறுபாடு உண்டு. 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்' என்பதன் சுருக்கம் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள்; பலவற்றில் ஒன்று என்ற பொருள். நண்பருக்கு அது பொருந்தும். ஆனால் 'தட் நோஸ் ஆஃப் ஹிஸ்' என்றும் ஆங்கிலத்தில் சொல்கிறார்கள், மனிதனுக்கு இருப்பதோ ஒரே மூக்கு. அதனால் அந்த விளக்கம் பாதி வழிதான் போகிறது. நான் மேலே சொன்ன நாற்காலி விளக்கம் இன்றைய மொழியைப் புரிந்துகொள்ளப் போதும், வரலாறாக அதை நான் முன்வைக்கவில்லை.

விதிவிலக்கு போலத் தெரியும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்வித்தாளில் அடிக்கடி தலைகாட்டுவது. 'ஓன்' ('சொந்த' என்று பொருள்) சேர்ந்தால் 'மை' பக்கமே நிற்கும்: 'ஐ வாண்ட் ஏ ரூம் ஆஃப் மை ஓன்', 'திஸ் ஹவுஸ் இஸ் மை ஓன்'. பின்னால் பெயர்ச்சொல் இல்லையே என்று 'மைன் ஓன்' போடக்கூடாது. பெயர்ச்சொல் இருக்க வேண்டிய இடத்தை 'ஓன்' நிரப்பிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதேபோல 'மைன்' தன்னோடு பெயரடை எதையும் சேர்த்துக்கொள்ளாது. 'உன் பழைய போனை விட என் புதுசு நல்லாருக்கு' என்பதில் 'என் புதுசு' என்பதை 'மைன் நியூ' என்று மாற்ற முடியாது, 'மை நியூ ஒன்' என்று ஒரு 'ஒன்' சேர்த்தாக வேண்டும்.

இந்த இரட்டை வடிவம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. பழைய ஆங்கிலத்தில் 'மீன்' (இன்றைய 'மைன்') என்ற ஒரே சொல்தான் இரண்டு இடத்திலும் இருந்தது. பின்னர் மெய்யெழுத்துக்கு முன்னால் அதன் கடைசி 'ன்' தேய்ந்து 'மை' ஆனது, உயிரெழுத்துக்கு முன்னால் 'மைன்' தங்கியது. 'ஆன்', 'ஏ' பிரிந்ததும் இப்படித்தான், நம் 'ஓர் ஊர்', 'ஒரு வீடு' போல. அதனால் 1611இல் வந்த ஆங்கில பைபிளில் 'மைன் ஐஸ்' (என் கண்கள்) என்பதைப் பார்க்கலாம். பழைய வாசகங்களில் இதைப் பார்த்து 'ப்ரொனவுனுக்குப் பின்னால் பெயர்ச்சொல் வந்திருக்கிறதே' என்று குழம்ப வேண்டாம், அங்கே 'மைன்' டிடெர்மினர்தான். இந்த 'ன்' செய்த வேடிக்கை ஒன்று: 'மைன் எட்' என்று செல்லமாகக் கூப்பிட்டதை 'மை நெட்' என்று காதில் வாங்கியதால்தான் எட்வர்ட்டுக்கு நெட் என்ற செல்லப்பெயர் வந்தது. 'ஹெர்ஸ்', 'அவர்ஸ்', 'யுவர்ஸ்', 'தெயர்ஸ்' ஆகியவற்றின் 'ஸ்' இங்கிலாந்தின் வடக்குப் பகுதிகளிலிருந்து வந்து நிலைத்தது. தெற்கிலும் நடுப்பகுதியிலும் 'மைன்' மாதிரியே 'ஹிஸ்ன்', 'ஹெர்ன்', 'யுவர்ன்' என்று ஒரு வரிசை இருந்தது. அது வட்டார வழக்காக ஒதுங்கிவிட்டது. 'இட்ஸ்' எல்லாவற்றிலும் இளையது, பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில்தான் எழுத்தில் வருகிறது. அதற்கு முன் அஃறிணைக்கும் 'ஹிஸ்'தான். 1611 பைபிளின் முதல் அச்சில் 'இட்ஸ்' ஒரு இடத்திலும் இல்லை.

இளைய பிள்ளை என்பதாலோ என்னவோ, எழுத்துப்பிழையில் அதிகம் அடிபடுவதும் அதுதான். உடைமையைக் காட்டும் 'இட்ஸ்'ஸில் அப்பாஸ்ட்ரபி (எழுத்துக்கு மேலே போடும் காற்புள்ளி மாதிரியான குறி) கிடையாது, 'இட் இஸ்' அல்லது 'இட் ஹாஸ்' என்பதன் சுருக்கத்தில் உண்டு. பெயர்ச்சொல்லுக்கு 'ராமுஸ்' என்று அப்பாஸ்ட்ரபி போட்டுப் பழகிய கை இதற்கும் போடத்தான் பார்க்கும். அமெரிக்க அரசியல் சட்டத்தை 1787இல் கையால் எழுதியவரும் முதல் பகுதியின் பத்தாவது பிரிவில் இதே உடைமைச் சொல்லை அப்பாஸ்ட்ரபியோடுதான் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் அது தவறாகக் கருதப்படவில்லை, இன்று தவறு. 'ஹெர்ஸ்', 'அவர்ஸ்', 'யுவர்ஸ்', 'தெயர்ஸ்' எதிலும் அப்பாஸ்ட்ரபி இல்லை. 'ஒன்ஸ்' (ஒருவருடைய) மட்டும் விதிவிலக்கு, அதில் உண்டு.

நம் ஊர் விடுப்புக் கடிதத்தில் இந்தப் பாடம் முழுவதும் ஒரே வரியில் இருக்கிறது. கடைசியில் 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி' என்று எழுதச் சொல்லிக்கொடுக்கிறோம், பாதிப் பிள்ளைகள் 'ர்'க்கும் 'ஸ்'க்கும் நடுவே அப்பாஸ்ட்ரபி போட்டுக் கொண்டுவருவார்கள். சிலர் 'ஸ்'ஸை விட்டுவிட்டு 'யுவர் ஒபீடியன்ட்லி' என்பார்கள். 'ஐ ஆம் யுவர்ஸ்' (நான் உங்களுடையவன்) என்பதுதான் அதன் அடிப்படை. 'யுவர்ஸ்' ப்ரொனவுன், 'ஒபீடியன்ட்லி' வினையடை, பெயர்ச்சொல் எங்கும் இல்லை. பழைய அரசாங்கக் கடிதங்களில் 'யுவர் ஒபீடியன்ட் சர்வன்ட்' என்று முடிப்பார்கள். அங்கே 'சர்வன்ட்' என்ற பெயர்ச்சொல் வந்துவிட்டது, அதனால் 'யுவர்' மட்டும் போதும். கரும்பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போடுங்கள், வகுப்பில் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

தேர்வுக்கு என்ன செய்வது என்றால், கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்விக்குப் பெயர் தேவையே இல்லை. பின்னால் பெயர்ச்சொல் இருக்கிறதா என்று பார்த்து எழுதிவிடுங்கள். இடையில் பெயரடை இருந்தால் ஏமாற வேண்டாம், 'மை ஓல்ட் ரெட் பேக்' என்பதில் பெயர்ச்சொல் நான்காவது சொல்லாக வந்தாலும் வந்ததுதான். அடிக்கோடிட்ட சொல்லின் வகையைக் கேட்டு நான்கு விடை கொடுத்திருந்தால், 'மை'க்கு அட்ஜெக்டிவ், டிடெர்மினர் இரண்டில் எது பட்டியலில் இருக்கிறதோ அதைப் போடுங்கள். இரண்டும் ஒரே பட்டியலில் வருவது அரிது. வந்தால் டிடெர்மினரைப் போடலாம் என்பது என் யோசனை, ஆனால் விடைக்குறிப்பு எந்தப் புத்தகத்தை வைத்துத் தயாரானது என்பதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது. விடைக்குறிப்பு உங்கள் விடைக்கு மாறாக வந்து ஆட்சேபம் தெரிவிக்க வாய்ப்பு கொடுத்தால், மேலே சொன்ன குவர்க் இலக்கணத்தையும் கேம்பிரிட்ஜ் இலக்கணத்தையும் காட்டிவிடாதீர்கள், அவை 'மை'யை ப்ரொனவுன் குடும்பத்தில் வைப்பதால் வழக்கு உங்களுக்கு எதிராகவே திரும்பலாம். உங்களுக்கு விதிக்கப்பட்ட பாடப் புத்தகத்தின் பக்கத்தைக் காட்டுங்கள்.